அக்கரைக் காத்தாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். வானிலை பார்க்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் நாய்கூட மதிக்காது. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பெரிய ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அங்கிருந்துதான் அக்கரையில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு ட்ரோனில் மருந்தும் ரத்தமும் அனுப்புகிறோம். காற்றையும் மழையையும் பார்த்து, அனுப்பலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. ஆனால் ஆஸ்பத்திரி முழுக்க எனக்குப் பெயர் மழைக்காரி. லிஃப்டில் ஏறினால் பெரிய டாக்டர்கூட, "என்ன மழைக்காரி, இன்னைக்குத் துணி காயப்போடலாமா?" என்பார். துணி காயப்போடுவதற்கா நான் இவ்வளவு படித்தேன் என்று நாக்கு நுனி வரை வரும். சில நாள் விழுங்கிவிடுவேன்.

ட்ரோன் ஓட்டுவது என் தம்பி. அவனுக்கு அவனே வைத்துக்கொண்ட பெயர் கழுகு. கேலியாகத்தான் எல்லாரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் வீடு அக்கரையில். அவன் மனைவி அங்கே அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் காலையில் படகேறி இக்கரைக்கு வருவான், சாயங்காலம் படகேறிப் போவான். புருஷன் பெட்டியை அனுப்ப, பெண்டாட்டி அந்தப் பக்கம் மாடியில் நின்று வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டு டப்பாவை ஒருநாள் மறந்துவிட்டு வந்தவன், "திரும்பி வர்ற ட்ரோன்ல வச்சு விடு" என்று அவளிடம் போனில் கேட்டான். இரண்டு பேருக்கும் என்னிடம் நல்ல டோஸ் கிடைத்தது.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. நான் "போகலாம்" என்று சொல்லாமல் கழுகு கிளம்பக்கூடாது. அதற்குப் பூட்டு சாவி எதுவும் கிடையாது. அவன் கட்டை விரல் நகர்ந்தால் ட்ரோன் எழும்பிவிடும். என் வாய்ச்சொல்தான் பூட்டு.

நான் அதைச் சொல்வதற்கு நம்பியிருப்பது இரண்டு காத்தாடிகளை. ஒரு கம்பத்தின் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றும், கீழே ஒரு அம்பு காற்று வரும் திசையைக் காட்டும். ஒன்று எங்கள் மாடியில், இன்னொன்று அக்கரை மாடியில். அவை சொல்லும் வேகமும் திசையும் என் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. அக்கரை எண்தான் முக்கியம். ட்ரோன் பறக்கும்போது காற்றைச் சமாளித்துவிடும், கீழே இறங்கும் நேரத்தில்தான் கவிழும். அந்த மாடிச் சுவரை ஒட்டிப் பள்ளிக்கூட மைதானம். மணி அடித்தால் அங்கே பிள்ளைகள் ஈசல் மாதிரி வந்து விழும்.

இந்த மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அக்கரையில் ஒரு பையனைப் பாம்பு கடித்தது. விஷமுறி மருந்து கேட்டார்கள். அக்கரை எண் சிவப்பில் இருந்தது, எல்லையை ஒரு இழைதான் தாண்டியிருந்தது. நான் கூடாது என்றேன். காற்று தணியும் வரை காத்திருக்க முடியாமல், அந்தப் பையனைப் படகில் போட்டுக்கொண்டு இங்கே வந்தார்கள். பிழைத்துக்கொண்டான், ஆனால் கடிபட்ட கையில் பாதி விரல்கள் போய்விட்டன. அடுத்த நாள் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நம்பர் இன்னும் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா அனுப்பியிருப்பீங்கதானே அண்ணி?"

"கண்டிப்பா அனுப்பியிருப்பேன்."

"சரி அண்ணி" என்று வைத்துவிட்டாள். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையிலிருந்தே வானம் எனக்குப் பிடிக்கவில்லை. கழுகு வந்த படகுதான் கடைசிப் படகு, அதற்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் பாலம் தண்ணீருக்கு அடியில். ட்ரோன் ஓட்டத் தெரிந்த எங்கள் இன்னொரு பைலட் வீட்டு வாசலில் இடுப்பளவு வெள்ளம், அவரால் வர முடியவில்லை. பரவலாக மழை, பலத்த காற்று என்று வானிலை அறிக்கை பொதுவாகச் சொல்லியிருந்தது. அறிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் முழுமைக்கும் அவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த ஏரிக்கு மேல், இந்த மதியத்தில் என்ன நடக்கும் என்று சொல்வதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மதியம் முதல் போன் வந்தபோது நாங்கள் சிரித்தோம். மாசமாயிருந்த தம்பி மனைவிக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்து, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றார் அங்கிருக்கும் டாக்டரம்மா.

"அக்கா, வீட்டுக்கு இன்னொரு மழைக்காரி வந்துட்டா!" என்று கழுகு என் கையைப் பிடித்து ஆட்டினான்.

"என்னை மாதிரி வாய் இருந்தா நீ செத்தடா" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த போன். டாக்டரம்மாவின் குரலே மாறியிருந்தது.

"சிஸ்டருக்கு ரத்தம் நிக்கல. எங்ககிட்ட இருந்த ஒரே ஓ நெகட்டிவ் பையை ஏத்தியாச்சு. இன்னும் ரெண்டு வேணும். உடனே வேணும்."

எங்கள் குளிர்பெட்டியில் அந்த வகையில் இருந்ததே இரண்டு பைகள்தான். மூன்றாவது வேண்டுமென்றால் வேறு ஊரிலிருந்து வர வேண்டும், வருவதற்குச் சாலை இல்லை. தம்பி பைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

திரையைப் பார்த்தேன். அக்கரைக் காத்தாடி பச்சையில் இருந்தது. நல்ல பச்சை, மெல்லிய காற்று. "பார்த்தியா அக்கா, நம்ம பக்கம் கடவுள் இருக்கார்" என்றான் கழுகு. நான் ரேடார் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு தடித்த மழைப் பட்டை சரியாக அக்கரை மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரிப் பட்டைக்கு அடியில் மெல்லிய காற்று வீசாது. ஒன்று ரேடார் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காத்தாடி.

"ரேடார் படம் பழசுக்கா. அது எப்பவும் பின்தங்கித்தான் வரும்னு நீயே சொல்லியிருக்கே. காத்தாடி இப்போ நடக்கறதச் சொல்லுது. பட்டை தாண்டிப் போயிடுச்சு. போகலாம்னு சொல்லு."

அவன் சொன்னதில் தப்பில்லை. பட்டை தாண்டிப் போயிருந்தால் இதுதான் நல்ல நேரம். பின்னால் இன்னொரு பட்டை வந்துகொண்டிருந்தது. இடையில் கிடைக்கும் அமைதியை நான் யோசித்தே வீணாக்கினால் அவள் போய்விடுவாள். ஆனால் பட்டை இன்னும் அங்கேயே இருந்தால், ட்ரோன் நடு ஏரியில் அதன் வாய்க்குள் போய் விழும். இரண்டு பைகளும் ஏரிக்கு அடியில் கிடக்கும். அதற்குப் பிறகு அனுப்புவதற்கு எதுவும் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. வேலையில் வரும் படபடப்பு இல்லை, நிஜமான பயம்.

"ஒரு நிமிஷம் இரு" என்றேன்.

"ஒரு நிமிஷம் அவகிட்ட இருக்கான்னு கேட்டியா?" அவன் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. கண்ணாடிக்கு வெளியே ட்ரோனின் இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. அவன் கட்டை விரல் கன்ட்ரோலர் மேல் இருந்தது.

நான் அக்கரைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டரம்மா கையுறையோடு இருந்ததால் அங்கே வேலை செய்யும் ஆயாம்மா எடுத்தாள். அவள் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே பின்னால் தடதடவென்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம் ஆயாம்மா?"

"சைக்கிள் ஷெட்டுத் தகரம்மா. பிச்சுக்கிட்டுப் போகுது."

"காத்து அவ்வளவு அடிக்குதா?"

"அடிக்குதாவா? வாசல்ல நிக்க முடியலம்மா, ஆளத் தள்ளுது."

"அப்புறம் உங்க காத்தாடி ஏன் சும்மா சுத்துது?"

தகரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆயாம்மா?"

"அம்மா... அது தொட்டிக்குப் பின்னால இருக்கும்மா."

"எந்தத் தொட்டி?"

"மாடியில தண்ணித் தொட்டி. அதுக்குப் பின்னால நகத்தி வச்சிருக்கோம். சிஸ்டர்தான் சொன்னாங்க. பாம்பு கடிச்ச புள்ளைக்கு மருந்து வரல இல்லம்மா, அதுக்கப்புறம். நம்பர் எப்பவும் கம்மியா இருந்தா மருந்து எப்பவும் வரும்னாங்க. நல்லதுக்குத்தானம்மா செஞ்சோம்?"

நான் தம்பியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இறக்கைகளின் சத்தம் மெதுவாக இறங்கி நின்றது கேட்டது. பிறகு அவன் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

என்னைக் கேட்டால், அந்த நிமிஷத்தில் எனக்கு அவள் மேல் கொலைவெறி வந்தது. செத்துக்கொண்டிருந்தவள் மேல். அவளைப் பிடித்து உலுக்கி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

"ஆயாம்மா, மாடிக்குப் போக முடியுமா? சுவரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. அந்தக் காத்தாடியத் தொட்டிக்கு இந்தப் பக்கம், திறந்த இடத்துல, கைப்பிடிக் கம்பியோட சேர்த்துக் கட்டணும். கம்பம் முன்னாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

"துணி காயப்போடற கயிறு போதுமாம்மா?"

"போதும்."

அவள் போனை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் அந்த அறையின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா யாரிடமோ அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒரு பச்சைக்குழந்தை அழுதது. தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

திரையில் எண் துள்ளியது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. சிவப்பிலும் எல்லைக்குப் பக்கத்தில் இல்லை, எங்கேயோ உச்சியில் நின்றது. கழுகு எழுந்து வந்து அதைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவன் கட்டை விரல் எங்கே இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இப்ப என்னக்கா?"

"இந்தப் பட்டை தாண்டணும். தாண்டினதும் ஒரு இடைவெளி வரும். போய் இறங்கப் போதும், திரும்பி வரப் போதாது."

"திரும்பி வரவே வேணாம். எப்போ வரும்?"

"திசை மாறணும். வேகம் மட்டும் குறைஞ்சா நம்பாதே. காத்து இப்போ மலைப்பக்கமிருந்து வருது. பட்டை தாண்டினா ஏரிப்பக்கமிருந்து வர ஆரம்பிக்கும். அதுதான் அடையாளம்."

"அது வரைக்கும் அவ இருப்பாளா?"

இத்தனை வருஷமாக அவன் கேட்டதற்கெல்லாம் என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது. பரீட்சை பாஸாகுமா, வேலை கிடைக்குமா, அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்குமா என்று எல்லாம் என்னிடம்தான் கேட்பான்.

"தெரியலடா" என்றேன்.

எண் சரிந்தது. சரசரவென்று இறங்கிப் பச்சையைத் தொட்டது. தம்பி பாய்ந்து கன்ட்ரோலரை எடுத்தான். நான் திசையைப் பார்த்தேன். அம்பு இன்னும் மலைப்பக்கம்தான்.

"இல்ல."

"அக்கா, பச்சைக்கா!"

"காத்து மூச்சு வாங்குதுடா. நிக்கல. இரு."

அதே சமயம் போனில் டாக்டரம்மா, "நாடி இறங்குது, எங்க வந்திருக்கு பெட்டி?" என்றார். இன்னும் கிளம்பவே இல்லை என்று நான் சொன்னேன். அவர் மறுபடி அழுத்திப் பிடிக்கச் சொல்லும் குரல்தான் கேட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் தப்பாக இருந்தால் இந்த முகத்தை இனி அவன் வாழ்நாள் முழுக்கப் பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. எண் பச்சையிலேயே நின்றது. நின்றது. என் தொண்டைக்குள் "போகலாம்" வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் அப்புறம் என் பொறுப்பு இல்லை என்றுகூடத் தோன்றியது.

எண் மறுபடியும் சிவப்புக்கு எகிறியது, முன்னைவிட மேலே. எங்கள் அறையின் கண்ணாடியே அதிர்ந்தது. நடு ஏரி வெள்ளையாகிப் போனது. அனுப்பியிருந்தால் அது அங்கேதான் இருந்திருக்கும்.

பிறகு அம்பு திரும்பியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரேயடியாக ஏரிப்பக்கம். வேகம் இறங்க ஆரம்பித்தது. எங்கள் மாடிக் காத்தாடியைப் பார்த்தேன், அதுவும் திரும்பியது. ரேடாரில் பட்டை கரையைத் தாண்டியிருந்தது. மூன்றும் ஒரே கதையைச் சொன்னபோதுதான் வாயைத் திறந்தேன்.

"போகலாம்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுப்பிவிட்டான். நாலு இறக்கையும் பெட்டியும் சாம்பல் நிறத்துக்குள் போய் மறைந்தன. அதற்குப் பிறகு கேமராவில் தெரிந்த அலைகள்தான். நடுவில் ஒரு முறை படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினான். பேட்டரி நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. அடுத்த பட்டை ரேடாரின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். எனக்கு அவ்வளவாக யாரோடும் பழக்கமில்லை, இருந்தாலும் கூப்பிட்டேன்.

மைதானம் தெரிந்தது, காலியாக. மாடி தெரிந்தது. தொட்டிக்கு இந்தப் பக்கம், கைப்பிடியில் கயிற்றால் கட்டிய கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆயாம்மா நனைந்து நின்றாள். கட்டு தாங்காதென்று அவளே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அவ்வளவு நேரமும். ட்ரோன் ஒரு தடவை ஆடி, தரையைத் தொட்டது.

"வந்துருச்சும்மா!" என்று அவள் கத்தியது கீழே மேசை மேல் இருந்த போன் வரைக்கும் கேட்டது.

பெட்டி இறங்கிய கொஞ்ச நேரத்தில் அடுத்த பட்டை ஏரியை மூடிவிட்டது. நெடுநேரம் கழித்து டாக்டரம்மா, "ரத்தம் நின்னுடுச்சு. கண்ணைத் திறந்து புருஷனைக் கேக்கறா" என்றார். தம்பி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு அப்போதுதான் வேறொரு பயம் வந்திருந்தது.

பாம்புக் கடிக்குப் பிறகு தம்பி மனைவி அந்தக் காத்தாடியை நகர்த்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அக்கரை எண் ஒருநாளும் சிவந்ததில்லை. இந்த வருஷம் காற்று நல்லபடியாக இருக்கிறது என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காற்று எப்படி அடித்தது என்றே தெரியாமல் எத்தனை தடவை போகலாம் என்றிருக்கிறேன். மணி அடித்து, பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த வேளையில் எத்தனை தடவை அவர்கள் தலைக்கு மேல் அதை இறக்கியிருக்கிறோம். கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாதம் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் படுக்கையிலேயே இருந்த நாட்களில் நான் அவளிடம் பேசவில்லை. என்ன பேசினாலும் கத்திவிடுவேன் என்று பயம். அவள்தான் கூப்பிட்டாள், நான் வேலையில் இருந்தபோது. எடுத்ததும், "திட்டுங்க அண்ணி" என்றாள்.

என் நீளமான வாய் எங்கே போனதென்று தெரியவில்லை. "காத்தாடி எங்க இருக்கு இப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

"வெளியதான். சிமெண்ட் வச்சுப் பூசிட்டாங்க. இனிமே யாராலயும் நகத்த முடியாது." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, நான் அதுக்காகக் கூப்பிடல. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர் இருக்கார். மூச்சுத் திணறுது. டாக்டரம்மா மருந்து கேட்டு அனுப்பியிருக்காங்க, பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். மருந்து பெட்டியில் தயாராக இருந்தது. கழுகு கன்ட்ரோலரோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அக்கரை எண் சிவப்பு. எல்லையை ஒரு இழைதான் தாண்டியிருந்தது.

"நம்பர் பார்த்தேன்" என்றேன்.

அவளும் ஊகித்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே மரங்கள் ஆடுவது அவளுக்குத் தெரியும். போனில் குழந்தை சிணுங்கியது. அதற்கும் பின்னால் யாரோ கஷ்டப்பட்டு மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இல்லம்மா. இப்போ அனுப்ப முடியாது."

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"சரி அண்ணி" என்றாள். "நான் அவர் பக்கத்துல போய் உக்காந்துக்கறேன். திசை மாறினதும் சொல்லுங்க."